அத்தியாயம் 6: மிக்ஸி நின்றுபோனால்

சர்வீஸ் கடைக்கு வந்து இறங்கும் மிக்ஸிகளில் பலவற்றின் மோட்டாரில் ஒரு கோளாறும் இருப்பதில்லை. கப்ளரின் பல் தேய்ந்திருக்கும், கார்பன் தீர்ந்திருக்கும், ஓவர்லோட் பட்டன் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலைக்கு மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, இரண்டு நாள் சட்னி இல்லாமல் தோசை சாப்பிட வேண்டியதில்லை.

நம் வீட்டு மிக்ஸி நெளிவுசுளிவு இல்லாத எளிய இயந்திரம். பிராண்ட் எதுவானாலும், 2011-இல் தொடங்கி அரசு கொடுத்த இலவச மிக்ஸியானாலும், உள்ளே இருக்கும் சாமான்கள் ஏறக்குறைய ஒன்றுதான். வேகமாகச் சுற்றும் ஒரு மோட்டார், அதற்குக் கரண்டைக் கடத்தும் இரண்டு கார்பன் துண்டுகள், வேகத்தை மாற்றும் ரோட்டரி சுவிட்ச், சூடு ஏறினால் கரண்டைத் துண்டிக்கும் ஓவர்லோட் சுவிட்ச், மோட்டாரின் சுழற்சியை ஜாருக்குக் கொடுக்கும் கப்ளர். இவ்வளவு தெரிந்தால் போதும்.

எப்போதும் வெளியிலிருந்து உள்ளே போங்கள். முதலில் ஜார், பிறகு கப்ளர், பட்டன், ஒயர். அடிமூடியைத் திறப்பது கடைசி. பழுதுபார்க்க உட்கார்கிறவர்கள் பெரும்பாலும் செய்கிற தவறு, எடுத்த எடுப்பில் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுப்பது.

தொடங்கும் முன்

1. ப்ளக்கைப் பிடுங்கி, உங்கள் கண்ணில் படும்படி மேஜைமேல் போடுங்கள். சுவர் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சில வீடுகளில் சுவிட்சை ஃபேஸில் கொடுக்காமல் நியூட்ரலில் கொடுத்திருப்பார்கள். அங்கே சுவிட்சை அணைத்த பிறகும் மிக்ஸிக்குள் கரண்ட் காத்திருக்கும்.
2. சமையல் மேடையில் வேலை செய்யாதீர்கள். ஈரம் இல்லாத மேஜை, காலில் ரப்பர் செருப்பு, நல்ல வெளிச்சம் வேண்டும்.
3. திறந்து வைத்த மிக்ஸிக்கு எக்காரணம் கொண்டும் கரண்ட் கொடுக்காதீர்கள். கடைக்காரர் அப்படி ஓட்டிப் பார்ப்பார். அவருக்கு எங்கே கை வைக்கக்கூடாது என்பது பழக்கம்.
4. வீட்டு மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். இல்லையென்றால், மிக்ஸியை விட அதை முதலில் கவனியுங்கள்.
5. வாரண்டி முடியாத மிக்ஸியைத் திறக்காதீர்கள். ஜாரையும் பட்டனையும் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு கம்பெனி சர்வீசுக்குச் சொல்லுங்கள்.

வேண்டிய சாமான்கள்: நீளமான ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் (அடிமூடி ஸ்க்ரூக்கள் ஆழமான குழிக்குள் இருக்கும், குட்டை ஸ்க்ரூடிரைவர் எட்டாது), ஒரு தட்டை ஸ்க்ரூடிரைவர், கட்டிங் பிளையர், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், பழைய டூத்பிரஷ், ஜீரோ நம்பர் உப்புத்தாள். மிக்ஸி வாங்கியபோது டப்பாவுக்குள் ஒரு தகட்டு ஸ்பேனர் இருந்திருக்கும். எதற்கென்று தெரியாமல் எங்கேயோ போட்டிருப்பீர்கள். தேடி எடுங்கள், பிளேடு கழற்ற அதுதான் வேண்டும்.

ஒரு நிமிடச் சோதனை

1. ஜாரை எடுத்துவிடுங்கள்.
2. வெறும் மோட்டாரை 1-இல் வைத்து இரண்டு வினாடி ஓட்டி அணையுங்கள். ஜார் பூட்டினால்தான் ஓடும் மாடலாக இருந்தால், நன்றாக இருக்கும் இன்னொரு ஜாரைக் காலியாக மாட்டி ஓட்டுங்கள்.
3. மோட்டார் நன்றாகச் சுற்றினால் கோளாறு ஜாரிலோ கப்ளரிலோதான். அடிமூடியைத் தொட வேண்டாம்.
4. சுற்றவே இல்லை, அல்லது தீப்பொறியும் வாடையும் வருகிறது என்றால் மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும்.

அணைத்த பிறகு கப்ளர் வேகம் குறைந்து நிற்பதைக் கவனியுங்கள். எந்தப் பக்கமாகச் சுற்றி நிற்கிறது என்று பார்த்து, மிக்ஸியின் மேல் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டு வையுங்கள். கப்ளர் கழற்றும்போதும் பிளேடு கழற்றும்போதும் இது தேவைப்படும்.

உர்ரென்று உறுமுகிறது, சுற்றவில்லை

ஜார் இறுகியிருக்கிறது. தேங்காய்ச் சட்னி அரைத்துவிட்டு அப்படியே வைத்த ஜாரில், பிளேடுக்கு அடியில் போன விழுது காய்ந்து கட்டிப்போயிருக்கும். மறுபடி மறுபடி சுவிட்சைத் திருப்பிப் பார்ப்பதுதான் இங்கே செய்யக்கூடாத காரியம். சுற்ற முடியாமல் நிற்கும் மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட்டை இழுக்கும். காயில் கருகுவது இப்படித்தான்.

1. ஜாரைத் திருப்பி, அடியில் இருக்கும் கப்ளரைக் கையால் சுழற்றிப் பாருங்கள். இரண்டு விரலால் சுற்ற வேண்டும்.
2. சுற்றவில்லையென்றால் பிளேடு மூழ்கும் அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், வாஷரும் கேஸ்கட்டும் கெடும்.
3. அடிக் கப்ளரை இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். பிளேடைப் பிடித்துத் திருகாதீர்கள். மழுங்கிய பிளேடும் விரலைக் கிழிக்கும்.
4. இளகிய பிறகு நன்றாகக் கழுவி, பிளேடின் அடியில் இரண்டு சொட்டு சமையல் எண்ணெய் விட்டுச் சுழற்றுங்கள். மெஷின் ஆயில் ஜாருக்கு ஆகாது. அது சட்னியில்தான் கலக்கும்.

ஜார் இளகியும் மோட்டார் உறுமுகிறது என்றால், ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு மோட்டாரின் கப்ளரைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றவில்லையென்றால் மோட்டாரின் புஷ், அதாவது அச்சைத் தாங்கும் வளையம், இறுகியிருக்கிறது. அது கடைவேலை.

மோட்டார் சுற்றுகிறது, பிளேடு சுற்றவில்லை

கப்ளர் தேய்ந்துவிட்டது. ஜாரைத் தூக்கினால் மோட்டார் தலையைச் சுற்றிக் கறுப்புப் பொடி கிடக்கும், ரப்பர் கருகிய வாடை வரும். மோட்டாரே எரிந்துவிட்டதென்று பயந்து பலரும் புது மிக்ஸிக்குக் கிளம்பிவிடுவது இந்த வாடையால்தான். காயில் கருகும் வாடை வேறு. வார்னிஷ் தீய்ந்தாற்போல் காட்டமாக, கண் எரியும்படி இருக்கும்.

கப்ளர் இரண்டு இடத்தில் உண்டு. மோட்டார் தலையில் ஒன்று, ஒவ்வொரு ஜாரின் அடியிலும் ஒன்று. எல்லா ஜாரும் வழுக்கினால் மோட்டார் கப்ளர். ஒரே ஒரு ஜார் மட்டும் வழுக்கினால் அந்த ஜாரின் கப்ளர். இரண்டும் தேய்ந்திருந்தால் இரண்டையும் மாற்றுங்கள். பல் மழுங்கிய ஜார் கப்ளர், நீங்கள் புதிதாகப் போட்ட மோட்டார் கப்ளரைக் கொஞ்ச நாளில் தின்றுவிடும்.

மோட்டார் கப்ளரை மாற்றும் முறை:

1. ப்ளக்கைப் பிடுங்குங்கள். மிக்ஸியைப் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள்.
2. கப்ளரைத் திருப்பும்போது அச்சும் கூடவே சுற்றும். அதனால் அச்சைப் பிடிக்க வேண்டும். சில மாடல்களில் அச்சின் கீழ்முனையில் ஸ்க்ரூடிரைவர் நுழைய ஒரு வெட்டு இருக்கும். அடித்துளை வழியாகவோ, அடிமூடியைக் கழற்றியோ அதைப் பிடிக்கலாம். வெட்டு இல்லையென்றால் அடிமூடியைக் கழற்றி, அச்சின் கீழ்முனையைத் துணி சுற்றிய பிளையரால் பிடியுங்கள். காற்றுக்கு இருக்கும் பிளாஸ்டிக் விசிறியைப் பிடிக்காதீர்கள், இறக்கை உடையும்.
3. இப்போது கப்ளரை, மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுமோ அதே பக்கம் திருப்புங்கள். முன்பு போட்ட அம்புக்குறி இதற்குத்தான். ஓட ஓடத் தானாக இறுகும்படி மரை வெட்டியிருப்பார்கள். ஆகவே சுற்றும் பக்கமே திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் எதிர்ப்பக்கம் பலம் கொடுத்து மரையை நாசமாக்குவதுதான் இந்த வேலையில் சகஜமான விபத்து.
4. இறுகிக்கிடந்தால் ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டுப் பதினைந்து நிமிடம் பொறுத்து மறுபடி முயலுங்கள். சுத்தியலால் தட்ட வேண்டாம். அச்சு வளைந்தால் மிக்ஸி ஆயுள் முழுவதும் ஆடும்.
5. பழைய கப்ளரைக் கையோடு கடைக்கு எடுத்துப்போங்கள். பிராண்ட் பெயர் மட்டும் சொல்லி வாங்காதீர்கள். பல்லின் எண்ணிக்கை, உயரம், மரையின் அளவு மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.
6. புதியதைக் கையால் திருகுங்கள், இறுகினால் போதும். மீதியை மோட்டாரே இறுக்கிக்கொள்ளும்.

மிக்ஸி முழுதாக நின்ற பிறகே ஜாரைத் தூக்குங்கள். சுற்றிக்கொண்டிருக்கும்போதே தூக்கும் பழக்கம் உள்ள வீட்டில் கப்ளர் நிலைக்காது.

மூச்சே இல்லை

1. அதே ப்ளக் பாயிண்டில் வேறு ஏதாவது சாமானைச் சொருகிப் பாருங்கள். சிரிப்பு வரலாம்; ஆனாலும் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.
2. மிக்ஸியைத் திருப்புங்கள். அடியில் சிவப்பிலோ கறுப்பிலோ ஒரு சின்னப் பட்டன் இருக்கும். அதுதான் ஓவர்லோட். வெளியே தள்ளியிருந்தால் ஐந்து பத்து நிமிடம் ஆறவிட்டு அழுத்துங்கள். ‘டக்’கென்று உட்காரும்.
3. சுவிட்சை அணைத்து வைத்துத்தான் பட்டனை அழுத்த வேண்டும். 3-இல் வைத்துக்கொண்டு அழுத்தினால் மோட்டார் கையிலேயே துள்ளும்.
4. பட்டன் சரியாக இருந்தால், ப்ளக்கைப் பிடுங்கி மல்டிமீட்டரை எடுங்கள். 200 ஓம் ரேஞ்சில் வையுங்கள். மிக்ஸி சுவிட்சை 3-க்குத் திருப்பி, ப்ளக்கின் இரண்டு சின்னப் பின்களில் மீட்டரின் இரு முனைகளையும் வையுங்கள்.
5. சில ஓமிலிருந்து சில பத்து ஓம் வரை ஏதாவது காட்டினால் ஒயர், சுவிட்ச், ஓவர்லோட், கார்பன், காயில் எல்லாம் தொடர்பில் இருக்கின்றன. இடது ஓரத்தில் வெறும் 1, அல்லது ‘ஓஎல்’ என்று காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது. பீப் ஒலிக்கும் ரேஞ்சை இங்கே நம்ப வேண்டாம். காயில் நன்றாக இருந்தும் அது ஒலிக்காமல் போகலாம்.
6. மீட்டர் முனைகளை எடுக்காமல் ஒயரை மிக்ஸிக்குள் நுழையும் இடத்திலும் ப்ளக் அருகிலும் வளைத்துப் பாருங்கள். எண் வந்து வந்து போனால் ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது. மிக்ஸியைச் சுற்றியே ஒயரைச் சுற்றி வைக்கும் வீடுகளில் இது கட்டாயம் வரும்.
7. ஒயரில் அசைவு இல்லையென்றால் கப்ளரைக் கையால் மெல்லச் சுற்றியபடி மீட்டரைப் பாருங்கள். ஓர் இடத்தில் எண் வந்து இன்னோர் இடத்தில் மறைந்தால் பெரும்பாலும் கார்பன்தான்.

ப்ளக் மாற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய ஒயரில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். புதிய ஒயரில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சையில் மஞ்சள் கோடு எர்த். எர்த் ஒயரை மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் நீளமாக விட்டு முடுக்குங்கள். யாராவது ஒயரை இழுத்தால் கடைசியில் அறுவது எர்த்தாக இருக்க வேண்டும். மூன்று பின் மிக்ஸிக்கு இரண்டு பின் ப்ளக் போட்டு எர்த்தை நறுக்கிவிடுவது குற்றம் என்றே சொல்வேன்.

ஓவர்லோட் அடிக்கடி விழுந்தால் பட்டன்மேல் கோபப்படாதீர்கள். ஜாரில் பாதிக்கு மேல் போட்டிருப்பீர்கள், ஊறாத அரிசியைப் போட்டிருப்பீர்கள், அல்லது தண்ணீர் விடாமல் தேங்காயை ஓட்டியிருப்பீர்கள். அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை நிமிடம் ஓட்டி எத்தனை நிமிடம் நிறுத்த வேண்டும் என்று போட்டிருந்தால், அது அலங்காரத்துக்கு இல்லை. ஓவர்லோட் சுவிட்சே பழுதானால் அதே ஆம்பியர் எண் கொண்டதை வாங்கிப் போடுங்கள். இரண்டு ஒயரையும் முறுக்கி ‘டைரக்ட்’ கொடுத்துவிட்டால் மிக்ஸி ஓடும். அடுத்த முறை இறுகும்போது பட்டன் விழாது, காயில் எரியும்.

தீப்பொறி: கார்பன் மாற்றுதல்

ஓடும்போது பக்கவாட்டுத் துளைகள் வழியே பாருங்கள். இரண்டு இடத்தில் நீலமாகச் சின்னப் பொறி தெரிவது இயல்பு. மஞ்சளாக, வளையம்போல் ஆர்மேச்சரை (மோட்டாருக்குள் சுற்றும் பாகம்) சுற்றிப் பொறி ஓடினால் உடனே நிறுத்துங்கள். கார்பன் தேய்ந்திருக்கலாம், ஆர்மேச்சரே போயிருக்கலாம். திறந்தால்தான் தெரியும்.

1. ப்ளக்கைப் பிடுங்குங்கள். அடிமூடி ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். சில மாடல்களில் ரப்பர் பாதத்துக்கு அடியில் ஒன்று ஒளிந்திருக்கும். மூடி வரவில்லையென்றால் நெம்பாதீர்கள், இன்னொரு ஸ்க்ரூ எங்கோ இருக்கிறது.
2. எதையும் தொடும் முன் செல்போனில் நான்கு பக்கமும் படம் எடுங்கள்.
3. ஆர்மேச்சரின் ஒரு முனையில், செம்புப் பட்டைகள் வரிசையாகப் பதித்த உருளை தெரியும். அது கம்யூட்டேட்டர். அதை இரு பக்கமும் அழுத்திக்கொண்டு நிற்கும் பித்தளைக் கூடுகளுக்குள் கார்பன் இருக்கிறது.
4. கூட்டின் மூடியை விரலால் அழுத்திக்கொண்டே திறங்கள். உள்ளே ஸ்ப்ரிங் உண்டு. விட்டால் பறந்து ஃபிரிட்ஜ் அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.
5. கார்பனை எடுத்து நீளம் பாருங்கள். ஆறேழு மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்ற வேண்டியதுதான். கம்யூட்டேட்டரில் உரசும் முகம் வழவழப்பாக, லேசாகக் குழிந்து பளபளக்க வேண்டும். ஓரம் உடைந்து, சொரசொரப்பாக இருந்தால் நீளம் இருந்தும் பயனில்லை.
6. ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலும் ஜோடியாக மாற்றுங்கள். பழையதைக் காட்டி அதே அகலம், கனம் உள்ளதாக வாங்குங்கள். பெரிதாக இருப்பதைத் தேய்த்துச் சிறிதாக்கிச் சொருகலாம் என்பார்கள். கூட்டுக்குள் அது தடையில்லாமல் நழுவ வேண்டும்; கையால் தேய்த்ததில் அந்தச் சீர் வருவது கடினம்.
7. கம்யூட்டேட்டரைப் பாருங்கள். ஒரே சீராகக் காப்பிப் பழுப்பு நிறம் படிந்திருந்தால் அது அழுக்கல்ல, நல்ல ஆரோக்கியம். அப்படியே விடுங்கள். கறுத்துக் கரி படிந்திருந்தால் மட்டும் ஜீரோ நம்பர் உப்புத்தாளை அதன்மேல் லேசாக வைத்து, அச்சைக் கையால் சுற்றுங்கள். எமரித்தாள் கூடாது, அதன் துகள் கரண்ட்டைக் கடத்தும், பட்டைகளின் இடுக்கில் மாட்டினால் ஷார்ட் ஆகும்.
8. பட்டைகளின் இடுக்கில் உள்ள கரித்தூளை டூத்பிரஷால் தள்ளி வெளியே எடுங்கள். வாயால் ஊதாதீர்கள்; எச்சிலும் போகும், தூள் கண்ணிலும் விழும்.
9. புது கார்பனைச் சொருகி, ஸ்ப்ரிங்கை வைத்து, கூட்டை மூடுங்கள். அச்சைக் கையால் சுற்றிப் பார்த்து, எதுவும் உரசவில்லை என்று தெரிந்த பிறகு அடிமூடியைப் போடுங்கள்.

திறந்தது திறந்ததுதான் என்று எண்ணெய்க் குப்பியைத் தேடுவார்கள். வேண்டுமானால் புஷ்ஷில் ஒரே ஒரு சொட்டுத் தையல் மெஷின் ஆயில் விடலாம். கம்யூட்டேட்டரில் பட்டால் கார்பன் வீணாகும். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசினாகிவிடும். மோட்டார் பக்கமே கொண்டுவராதீர்கள்.

ஒரு வேகம் மட்டும் வேலை செய்யவில்லை

ரோட்டரி சுவிட்ச். புதியதைப் பழையதன் பக்கத்தில் அதே திசையில் வைத்துக்கொண்டு, ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி உடனே புதியதில் மாட்டுங்கள். மொத்தமாகப் பிடுங்கிவிட்டு நிறத்தை நினைவு வைத்து மாட்டும் வேலை வேண்டாம். சுவிட்சை மாற்றியும் அந்த வேகம் வரவில்லையென்றால் காயிலில் கோளாறு.

ஜார் ஒழுகுகிறது

1. ஜாரில் பாதி தண்ணீர் ஊற்றி, காய்ந்த செய்தித்தாள்மேல் பத்து நிமிடம் வையுங்கள்.
2. தாள் நனையாவிட்டால் அடி நன்றாக இருக்கிறது. ஓட்டும்போது மேலே வழிவது மூடியின் கேஸ்கட்டால். மாற்றிவிடுங்கள்.
3. தாளில் நடுவே ஈரம் தெரிந்தால், ஜாரைக் காலி செய்து கப்ளரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது. ஈரம் சாம்பல் கறுப்பாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். அந்தக் கறுப்பு, உரசித் தேய்ந்த உலோகம். அந்த ஜாரில் குழந்தைக்கு எதுவும் அரைக்காதீர்கள்.

பிளேடை நீங்களே கழற்றலாம். ஜாரின் அடிக் கப்ளரைத் துணியோடு பிளையரால் பிடித்துக்கொண்டு, தகட்டு ஸ்பேனரைப் பிளேடில் மாட்டி, மோட்டார் சுற்றும் பக்கமே திருப்புங்கள். புஷ்ஷை நேராக அழுத்தி இறக்க ஒரு அச்சுக் கருவி வேண்டும். அதனால் ஜாரை மட்டும் பையில் போட்டுக் கடைக்கு எடுத்துப்போனால் போதும்.

மூடிய பிறகு, ஓட்டும் முன்

1. மல்டிமீட்டரைப் பெரிய ஓம் ரேஞ்சுக்கு மாற்றுங்கள். மிக்ஸி சுவிட்ச் 3-இல் இருக்கட்டும். ஒரு முனையை ப்ளக்கின் சின்னப் பின்னிலும், மறுமுனையை மோட்டார் அச்சிலும் வையுங்கள். எதுவும் காட்டக்கூடாது. பிறகு அந்தப் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே பாருங்கள். அங்கேயும் எதுவும் காட்டக்கூடாது. எண் வந்தால் கரண்ட் கசிகிறது, ஓட்டாதீர்கள்.
2. மிக்ஸியின் சுவிட்சை 0-வில் வைத்து ப்ளக்கைச் சொருகுங்கள். ஜார் இல்லாமல் 1-இல் இரண்டு வினாடி ஓட்டி அணையுங்கள். ஜார் பூட்டும் மாடலில் காலி ஜார்.
3. புது கார்பன் போட்டிருந்தால், இரண்டு நிமிடம் சுமையில்லாமல் ஓட்டுங்கள். முதலில் பொறி கொஞ்சம் கூடுதலாகவே வரும். கார்பனின் முகம் கம்யூட்டேட்டரின் வளைவுக்குத் தேய்ந்து பதிய அடங்கிவிடும்.
4. அடுத்து அரை ஜார் தண்ணீர். அதன் பிறகு உளுந்து.

கடைக்குப் போக வேண்டியவை

கம்யூட்டேட்டர் பட்டை ஒன்று எழும்பி நிற்கிறது, காயில் கருகிக் கறுத்திருக்கிறது, புது கார்பன் போட்டும் வளையம்போல் பொறி ஓடுகிறது என்றால் ஆர்மேச்சரை மாற்ற வேண்டும். வேலையை ஒப்படைக்கும் முன் விலை கேளுங்கள். புது மிக்ஸி விலையில் பாதியைத் தாண்டினால், பத்து வருட மிக்ஸிக்கு நான் செலவழிக்க மாட்டேன். செலவழிப்பதானால் இரண்டு விஷயம் சொல்லிவிட்டு வாருங்கள்: ஓவர்லோட்டை டைரக்ட் கொடுக்கக்கூடாது, மாற்றிய பழைய சாமான்களை ஒரு கவரில் போட்டுத் தர வேண்டும்.